ஆறாவது நம்பர்

எங்கள் வீட்டுக்கு அலாரம் பூட்டவேண்டும் என்று முடிவெடுத்தது மாத்தளையில் குடியிருந்த நாங்கள் இல்லை. லண்டனில் குடியிருந்த எங்கள் மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுப்பாள். அப்பா மருந்து குடித்தாரா என்பது முதல் கேள்வி. கதவெல்லாம் பூட்டினீர்களா என்பது இரண்டாவது. பட்டப்பகலில் கேட்கிற கேள்வியா இது என்று நான் கேலி செய்வேன். ஏழு வயதில் பார்த்ததை அவள் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேலி செய்து கடத்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. என் வீட்டுக்காரர் தொலைபேசி இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் மனையியல் படிப்பித்தவள். எங்கள் இருவருடைய தகப்பன்மாரும் அரசாங்க உத்தியோகம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர்கள். நாங்கள் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் மாத்தளை டவுனில்தான். யாழ்ப்பாணத்துக்குப் போனால் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மலைநாட்டுக்காரர் என்பார்கள். மாத்தளையில் எங்களை யாழ்ப்பாணத்தார் என்பார்கள். நமக்கு இரண்டு ஊர் என்று அவர் சொல்வார். ஒன்றுமே இல்லை என்று நான் சொல்வேன்.

அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஏணி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பதற்றப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். முதல் இரண்டையும் அவர் கேட்டு நடந்தார். மூன்றாவதை எப்படிச் செய்வதென்று டாக்டரும் சொல்லித் தரவில்லை.

பதற்றத்தை அவர் ஒரு உத்தியோகம் போலப் பார்த்து வந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் முன்கதவுக்கு மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், குறுக்குச் சட்டம். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்ப்பார். கடைசியாகச் சமையலறைப் பின்கதவு. அதற்கு மட்டும் தாழ்ப்பாள் போடமாட்டார். சாவியைத் திருப்பிவிட்டு அப்படியே துவாரத்தில் விட்டுவிடுவார். அவசரத்துக்குத் திறக்கவேண்டிய கதவு அது. அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியின் ஓரத்தில் ஒரு அலுமினியச் சட்டி. யாராவது கதவைத் தள்ளினால் சட்டி விழும், நாங்கள் எழும்பவேண்டும். அத்தனை வருடத்திலும் அந்தச் சட்டியைத் தள்ளிவிட்டது பூனை மட்டும்தான். நல்ல சோறு ஆக்கவேண்டிய சட்டியைக் காவலுக்கு வைத்திருக்கிறீர்களே என்று நான் ஏசாத நாளில்லை. அவர் சிரிப்பார், ஆனால் சட்டியை எடுக்கமாட்டார்.

காரணம் எண்பத்து மூன்றாம் ஆண்டு யூலை மாதம்.

தமிழர் வீடுகளை எரிக்கிற ஆட்கள் எங்கள் தெருவுக்குப் பகலில்தான் வந்தார்கள். கையில் தடி, இரும்புக் கம்பி, மண்ணெண்ணெய் கேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் போன் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களுக்கு உத்தியோகத்தால் கிடைத்தது. எதிர்வீட்டில் ஒரு சிங்களப் பாடசாலை அதிபர் இருந்தார். அவருக்கு என் வீட்டுக்காரரால் கிடைத்தது. போனுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்காகக் காத்துக்கிடந்த மனிதர் என்று இரக்கப்பட்டு, இவரே கம்பத்தில் ஏறி லைன் இழுத்துக் கொடுத்திருந்தார்.

ஆட்கள் தெருமுனையில் நிற்கும்போதே இவர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டவுன் நம்பர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு தடவையாவது நம்பரை மாற்றி அடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. கூப்பிட்டால் வரவேண்டியவர்கள் எல்லாருக்கும் அடித்தார். எல்லாரும் எடுத்தார்கள். சரி சரி என்றார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக்கு அடித்தார். அதிபர் எடுத்து ஹலோ என்றார். இவர் பேரைச் சொல்லி, வந்து ஒரு வார்த்தை அவர்களிடம் பேசுங்கள் என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் பேச்சு மூச்சில்லை. கொஞ்சம் பொறுத்து, அதிபர் போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

"லைன் நல்லாத்தான் இருந்தது," என்று இவர் பிறகு என்னிடம் சொன்னார். "அவங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுறதுகூட எனக்குக் கேட்டுச்சு."

எங்கள் பின்வீடு ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அந்த ராத்தாதான் பின்மதிலுக்கு மேலே தலையை நீட்டி, பிள்ளையைத் தாங்க என்று கையை விரித்தார். துணி துவைக்கிற கல்லில் ஏறி மதிலைத் தாண்டினோம். சத்தம் கேட்கும் என்று இவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய மிளகுக் களஞ்சியத்தில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். பிள்ளைக்கு மிளகு நெடியில் தும்மல் வரும் என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தேன். எங்கள் முன்அறை எரிந்தது. எல்லாம் அடங்கி வெளியே வந்தபோதும் செருப்பு அவர் கையில்தான் இருந்தது.

நாங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. போவதற்கு எங்கே இருந்தது? அதிபர் அடுத்த மாதமே எங்கள் கூரைக்கு ஓடு கொண்டுவந்து இறக்கினார். காசு வாங்க மறுத்துவிட்டார். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கிரிபத் என்கிற பால்சோறும் கொக்கிஸ் பலகாரமும் வரும், தீபாவளிக்கு எங்கள் பலகாரத் தட்டு போகும். மழை, பென்ஷன், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் இருவரும் வேலியோரம் நின்று பேசுவார்கள். அந்த ஒரு போனைப் பற்றி மட்டும் அவரும் வாய் திறக்கவில்லை, இவரும் திறக்கவில்லை. நல்ல மனிதர் என்றுதான் நானும் அவரை நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பலகாரத் தட்டைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர்கள் ஹோலில் இருந்த சுவர்க் கடிகாரத்தை நான் ஒருமுறை பார்க்காமல் திரும்பியதில்லை.

மாரடைப்புக்குப் பிறகு இவரால் கதவு கதவாகப் போகமுடியவில்லை. குறுக்குச் சட்டத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. நான் பூட்டினால் அவருக்கு நம்பிக்கை இல்லை. பூட்டியதை எழும்பிப் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்காருவார். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருவில் வயதான இரண்டு பேர் தனியாக இருந்த வீட்டில் திருடர் புகுந்தார்கள். கதை எப்படியோ லண்டனுக்குப் போய்விட்டது. உடனே அலாரம் வாங்குங்கள், அதுவும் வயர்லெஸ் அலாரம், இங்கே எல்லார் வீட்டிலும் அதுதான் என்று மகள் பிடிவாதமாக நின்றாள்.

கண்டியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழர், வாய் ஓயாமல் பேசுகிறவர். மேசைமேல் இரண்டு பெட்டியை வைத்தார். ஒன்று வயர் இழுத்துப் பூட்டுவது. மற்றது வயர் இல்லாதது. கதவிலும் நிலையிலும் இரண்டு சின்னக் காந்தத் துண்டு ஒட்டவேண்டும், கதவு திறந்து துண்டுகள் விலகியதும் அது காற்றில் சேதி அனுப்பும், பெட்டி சத்தம் போடும். இவ்வளவுதான் விஷயம். இவரோ உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் கம்பியோடு வாழ்ந்தவர். காற்றில் போகிற எதையும் நம்பமாட்டார். மகள் அனுப்பிய கைப்போனையே சந்தேகமாகத்தான் பிடிப்பார்.

"வயர் உள்ளதுதான் நல்லது," என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"திருடன் வயரை வெட்டிட்டா என்னங்க ஐயா செய்வீங்க?"

"வெட்ட முடியாத இடத்துல இழுக்கணும். அது வேலை தெரிஞ்சவன் செய்யுற காரியம்."

"எங்க ஆளுங்க வந்து இழுத்துத் தருவாங்க."

"என் வீட்டுல வயர் இழுக்குறதுன்னா நான்தான் இழுக்கணும்," என்றார் இவர். கை இரண்டையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயர் உள்ள பெட்டியை மெதுவாகக் கடைக்காரர் பக்கம் தள்ளினார். "எனக்கு இப்ப ஏணி ஏற ஏலாது. வயர் இல்லாததையே காட்டுங்க."

கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு நின்று, கீழே குடையோடு பாடசாலைக்குப் போகிற என்னைப் பார்த்து விசில் அடித்த மனிதர் அவர். அப்படித்தான் எங்கள் கல்யாணமே நடந்தது.

வயர்லெஸ்ஸிலும் இரண்டு விதம் இருந்தது. ஒன்று சத்தம் மட்டும் போடுவது. மற்றது சத்தமும் போட்டு, நாங்கள் கொடுத்து வைக்கிற நம்பர்களுக்குப் போனும் எடுப்பது. கடைக்காரர் சத்தம் போடுவதை அமுக்கிக் காட்டினார். இவர் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம்.

"இந்தச் சத்தம் யாருக்குக் கேக்கும்?" என்று கேட்டார், மூச்சு ஆறிய பிறகு.

"அக்கம்பக்கத்துக்கு எல்லாம் கேக்கும் ஐயா."

"கேட்டு?"

கடைக்காரருக்குக் கேள்வி விளங்கவில்லை. "கேட்டா வருவாங்கதானே," என்றார்.

இவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போன் எடுப்பதையே வாங்குவோம் என்று நான் அவசரமாகச் சொன்னேன். மாத்தளைக் குரங்குக்கு இது சத்தம் போடாதா என்று பேச்சையும் மாற்றினேன். எங்கள் பகுதியில் திருடனை விடக் குரங்குத் தொல்லைதான் அதிகம், பூட்டாத கதவைத் தள்ளித் திறந்து பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு போகும். அறைக்குள் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற கருவி நாய், பூனைக்கெல்லாம் அசையாது என்று கடைக்காரர் சொன்னார். "கதவைத் திறந்தா மட்டும் யாரு திறந்தாலும் அடிக்கும் அம்மா. அதுக்குக் குரங்கும் ஒண்ணுதான், மனுஷனும் ஒண்ணுதான்." நாங்கள் மூவரும் சிரித்தோம். பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது, ஆறு நம்பர் யோசித்து வையுங்கள், நான் வந்து பூட்டும்போது போட்டுத் தருகிறேன் என்றார். "கூப்பிட்டா வர்ற ஆளுங்க நம்பரா குடுங்க."

வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். பெட்டியின் வெளியே பெரிய எழுத்தில் வயர்லெஸ் என்று அச்சடித்திருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அடையாள அட்டையில் தமிழ்ப் பேர் உள்ள ஒருவர் கையில் அந்தச் சொல் எழுதிய பெட்டி இருந்தால் என்ன ஆகும் என்பதை லண்டனில் இருக்கிற பிள்ளை யோசிக்கவில்லை. மாத்தளையில் இருக்கிற நாங்களும் யோசிக்கவில்லை என்பதுதான் வெட்கம். பஸ் போய்விட்டது. எங்களை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து, ஏரியலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது கள்ளருக்குப் பயந்து வாங்கியது என்று இவர் நல்ல சிங்களத்தில் விளக்கினார். எந்தக் கள்ளருக்கு என்று அங்கே நின்ற ஆமிப் பையன் கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இவர் கைக்குட்டையைத் தேடினார். முகம் வியர்த்திருந்தது.

ஊரில் உங்களைத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா, பேசவேண்டும் என்றான். எனக்கு வேறு யாரும் மனதில் வரவில்லை. கைப்போனை எடுத்து அதிபரின் வீட்டுக்கு அடித்தேன். இவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் அதிபர் எடுத்தார், போனைப் பையனிடம் கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பையன் எழும்பி நின்று, சரி சேர், சரி சேர் என்று சொன்னது மட்டும் கேட்டது. பெட்டியை அவனே கட்டிக்கொடுத்து அடுத்த பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டான்.

பஸ்ஸில் இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அளவத்துகொடை தாண்டிய பிறகு, "எடுத்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

"எடுத்தாரு. பேசினாரு," என்றேன்.

மறுவாரம் கடைக்காரர் வந்து கதவுக்குக் கதவு துண்டு ஒட்டினார். இனி நம்பர்களைச் சொல்லுங்கள் என்று பெட்டிக்கு முன்னால் நின்றார். முதல் நம்பர் பின்வீட்டு ராத்தாவுடையது. இரண்டாவது சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிற பையனுடையது. மூன்றாவது பக்கத்து ஊர் உக்குவளையில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி. நான்காவது முன்னே என்னோடு வேலை செய்த ஒரு டீச்சரின் மகன். ஐந்தாவதுக்கு மகளின் நம்பரைச் சொன்னேன். வெளிநாட்டுக்கு அடிக்காது, அடித்தாலும் அவங்க லண்டனில் இருந்து என்ன செய்வாங்க என்று கடைக்காரர் கேட்டார். சரியான கேள்வி.

இவர் கண்ணை மூடிக்கொண்டு பழைய நம்பர்களைச் சொல்ல ஆரம்பித்தார். பேங்க் மனேஜர் நம்பர். சொல்லிவிட்டு, "அவன் கனடா" என்றார். மருந்துக்கடைக்காரர் நம்பர். "அவர் மெட்ராஸ்ல செத்துட்டாரு." கோயில் தலைவர், நில அளவையாளர், தன்னோடு இலாகாவில் இருந்த இரண்டு பேர். ஒவ்வொரு நம்பரும் இலக்கம் பிசகாமல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நாடோ ஒரு சாவோ வந்தது. போதும் நிறுத்துங்க என்று நான் கெஞ்சினேன். ஒரு ஊரே போன பிறகு அதன் நம்பர்களை மட்டும் ஒரு மனிதர் தலையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஐந்தாவதுக்குக் குடும்ப டாக்டரின் நம்பரைப் போட்டோம்.

ஆறாவதுக்கு யாரும் இல்லை. காலியாக விடலாம் என்றார் கடைக்காரர். இவர் எழும்பிப் போய், தானே பெட்டியின் பொத்தான்களை அமுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்னால் இலக்கங்கள் காலத்துக்குக் காலம் கூடிக்கொண்டு போனாலும், கடைசி இலக்கங்கள் இவர் கம்பத்தில் ஏறி லைன் கொடுத்தபோது இருந்தவைதான். அதிபருடைய நம்பர்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"இந்தத் தடவை பார்ப்போமே," என்றார்.

இன்னும் ஒரு வேலை இருந்தது. போனை எடுத்தவர்களுக்குக் கேட்பதற்கு நம் குரலில் ஒரு சேதி பதிந்து வைக்கவேண்டும். நாலைந்து வசனத்துக்குத்தான் இடம். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் பேசினார். இது டெலிபோன் இன்ஸ்பெக்டர் வீடு, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள், தயவுசெய்து வாருங்கள், தயவுசெய்து. தயவுசெய்து என்று இரண்டு தரம். ராத்தாவும் என் தம்பியும் தமிழ் பேசுகிறவர்கள்தானே, தமிழிலும் ஒரு வசனம் சொல்லுங்கள் என்றேன்.

"தமிழ்ல சொன்னா தெருவுல எத்தனை பேருக்கு விளங்கும்?" என்று கேட்டார். என் வாயை அடைக்க அவருக்கு எப்போதும் ஒரு கேள்வி போதும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பெட்டி வந்த பிறகு அவர் தூங்கினார். நாற்காலி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பியது. சட்டியில் நான் மறுபடி பால்சோறு ஆக்கினேன். பகலிலும் படுக்கப்போகும்போது பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் படுப்பார், பச்சை விளக்கு சிவப்பாக மாறுவதைப் பார்த்தால் அவருக்கு ஒரு திருப்தி. குறட்டைச் சத்தம் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது என்று நான் மகளிடம் சொல்ல, அவள் போனில் அழுதாள். காசு கொட்டினாலும் கிடைக்காத மாதங்கள் அவை. ஐந்தோ ஆறோ மாதம் இருக்கும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு பின்னேரம். அவர் படுத்திருந்தார். பெட்டி சிவப்பு விளக்கில் இருந்தது. பின்கதவின் சாவி திருப்பாமல் இருந்திருக்கிறது, வெறுமனே சாத்தியிருந்தது. நான் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று வீடு முழுக்க அந்தச் சத்தம். சேலையைச் சுற்றிக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் நேரம் போய்விட்டது. பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டிருந்தது. ஒவ்வொரு நம்பராக அடித்து, ஒவ்வொருவருக்கும் அவர் குரலைக் கேட்கவைத்துவிட்டது.

நான் முன்ஜன்னலுக்கு ஓடினேன். எங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி. ஒருவன் கையில் மண்வெட்டிப் பிடி. தெருவில் இன்னும் நாலைந்து பேர் ஓடிவருகிறார்கள். எல்லாருக்கும் முன்னால் மாங்காய் பறிக்கிற நீளத் தடியோடு, மேல்சட்டை இல்லாமல், எதிர்வீட்டு அதிபர். "கோ ஹொரா?" என்று கத்துகிறார்கள். கள்ளன் எங்கே என்று அர்த்தம். சிங்களம் எனக்கு என் சொந்தப் பாஷை போலத்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம் அர்த்தம் எனக்கு ஏறவில்லை. தடியும் சத்தமும்தான் தெரிந்தது. பிள்ளையைத் தூக்கவேண்டும் என்று நான் திரும்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகுதான் கம்பி வைத்திருந்தவன் த்ரீவீல் பையன் என்று கண்டேன். கதவைத் திறந்தேன். எல்லாரும் உள்ளே பாய்ந்து சமையலறைக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரிய குரங்கு மேசைமேல் உட்கார்ந்து பப்பாசிப் பழம் தின்றுகொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு பின்கதவால் போனது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிபர் தடியை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே, இன்ஸ்பெக்டர் மஹத்தயா எங்கே என்று கேட்டார்.

கட்டில் காலியாக இருந்தது. அவருடைய செருப்பும் இல்லை.

வீடு முழுக்கத் தேடினோம். கிணற்றடியில் தேடினோம். அப்போது பின்மதிலுக்கு மேலே ராத்தாவின் தலை தெரிந்தது. எழுபது வயதுக்கு மேற்பட்ட மனுசி, அந்தப் பக்கம் எதன்மேலோ ஏறி நிற்கிறார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"டீச்சர், நீங்க மட்டும் வாங்க. ஆம்பளைகளைக் கூட்டிட்டு வரவேணாம். எங்க ஸ்டோர்லதான் ஈக்கிறாரு."

ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர் அந்த மதிலைத் தாண்டியிருந்தார். மிளகு மூட்டைகளுக்குப் பின்னால், பழைய இடத்தில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். செருப்பு இரண்டும் கையில் இருந்தன. முழங்காலில் தோல் கிழிந்து இரத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் குனிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளையைத் தூக்கிட்டு வந்தியா?" என்று கேட்டார்.

முப்பது வயது தாண்டிய பிள்ளை, லண்டனில், அந்த நேரத்தில் வேலைத்தளத்தில் இருந்திருப்பாள். நான் என்ன சொல்வேன். தூக்கிட்டு வந்தேன், ராத்தாக்கிட்ட இருக்கு என்றேன். ராத்தா வாசலில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். த்ரீவீலில் அவரை மடியில் தாங்கிப் பிடித்து வந்தவர் அதிபர்தான். இரண்டாம் நாள் இவருக்கு நினைவு நன்றாகத் தெளிந்தது. நடந்ததை என்னிடம் கேட்டார். குரங்குக் கதையைச் சொன்னேன். சிரிக்க முயற்சி செய்தார், நெஞ்சு நொந்தது. யார் யார் வந்தது என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னேன்.

"எதிர்வீட்டு ஐயாதான் முதல்ல ஓடி வந்தாரு. மேலுக்கு ஒரு பெனியன்கூட இல்ல. காலுல செருப்பில்ல."

"அவரா?"

"அவருதான். அவரு பின்னாலதான் மத்தவங்க."

அவர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப, அன்னைக்கு ஏன் வரல?"

அதிபர் வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு போத்தல் செவ்விளநீர். இரண்டு நாளாக வந்து வந்து நிற்கிறார், உள்ளே வரவில்லை. அதிபர் காதில் விழுந்துவிடுமோ என்று குரலைத் தாழ்த்தினேன்.

"அன்னைக்கு அவசரத்துல நீங்க நம்பர மாத்தி அடிச்சிருப்பீங்க," என்றேன். "வேற யாரோ எடுத்திருப்பாங்க."

இப்படி ஒரு பொய்யை அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஹலோ என்ற குரல் அவருக்குத் தெரியும். அந்தக் கடிகாரம் தெரியும். தன் கையைப் பற்றியும் தெரியும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, என்மேல் ஒரு இரக்கம் இருந்தது.

"இருக்கும்," என்றார். "அவர உள்ள வரச் சொல்லு."

அதிபர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இவர் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக, மூச்சு எடுத்து எடுத்துப் பேசினார்.

"உங்களுக்குக் கரைச்சல் குடுத்துட்டேன் மஹத்தயா. குரங்குக்காக ஓடி வந்திருக்கீங்க." பிறகு சொன்னார், "எண்பத்து மூணுலயும் உங்க வீட்டுக்கு ஒரு தடவை அடிச்சேன். நம்பர மாத்தி அடிச்சிருக்கேன்னு இவ சொல்றா."

மன்னிப்பதற்காகச் சொன்னாரா, குத்திக்காட்டச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிபர் கட்டில் கம்பியைப் பிடித்தார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். நான் அவருக்கு அந்த வழியைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

"இல்ல," என்றார். "நம்பர் சரி."

இவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டி, கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் வைத்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். செவ்விளநீர் போத்தல் ஜன்னல் திண்டில் யாரும் தொடாமல் இருந்தது. அதிபர் போன பிறகு இவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நான்தான் சொன்னேனே. லைன் நல்லாத்தான் இருந்தது."

வெள்ளிக்கிழமை விடிய அவர் போய்விட்டார். செத்த வீட்டுக்கு வந்த மகள் அந்தப் பெட்டியைக் கழற்றி எறியச் சொன்னாள். நான் கழற்றவில்லை. சத்தம் போடுகிற வயரை மட்டும் பிடுங்கிவிட்டேன். அவருடைய குரல் என்று என்னிடம் இருப்பது அந்த நாலைந்து வசனம்தான், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள், தயவுசெய்து வாருங்கள் என்று.